டிக்கெட்டை யார் வாங்குவது?

இரண்டு நண்பர்கள் சேர்ந்து பஸ்ஸில் ஏறினால் ஒரு வேடிக்கையைப் பார்க்கலாம். "டிக்கெட் நான்தான் வாங்குவேன்" என்று ஒருவர் சட்டைப் பைக்குள் கையை விடுவார். "அதெல்லாம் கூடவே கூடாது" என்று மற்றவர் அவருடைய கையை இறுகப் பிடித்துக் கொள்வார். இந்த மல்யுத்தம் முடியும் வரையில் கண்டக்டர் பொறுமையுடன் காத்திருப்பார். கடைசியில் யாரோ ஒருவர் வாங்கி விடுவார். பஸ்ஸும் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போய்ச் சேரும்.

ஆனால் இரண்டு சர்க்கார்கள் சேர்ந்து ஒரு ரயிலில் ஏறப் புறப்பட்டால் நாடகம் நேர் மாறாக நடக்கிறது. "டிக்கெட்டைத் தாங்கள்தான் வாங்க வேண்டும்" என்கிறது ஒன்று. "தங்களை மிஞ்சி நான் வாங்குவதா?" என்கிறது மற்றொன்று. கடிதங்கள் பறக்கின்றன, கமிட்டிகள் கூடுகின்றன, வருஷங்கள் உருண்டு விடுகின்றன. பின்னால் காத்து நிற்கும் ஜனங்களின் கால்தான் வலிக்கிறது.

இந்த எண்ணம் நமக்கு உதித்த இடம் சென்னையும் அல்ல, டில்லியும் அல்ல. கிருஷ்ணகிரி ஜில்லா ஊத்தங்கரைத் தாலூகாவிலுள்ள சாமல்பட்டி ரயில்வே ஸ்டேஷன்.

சாமல்பட்டி மேடையில்

ஜோலார்பேட்டையிலிருந்து சேலத்துக்குப் போகும் பழைய ரயில் பாதையில், திருப்பத்தூருக்கும் மொரப்பூருக்கும் நடுவே இருக்கிறது சாமல்பட்டி. தூரத்தில் குன்றுகள், அருகில் மாந்தோப்புகள், கிருஷ்ணகிரியிலிருந்து திருவண்ணாமலைக்குப் போகும் பெரிய சாலை. கோயமுத்தூருக்கும் கேரளத்துக்கும் போகும் வேக வண்டிகள் இந்த ஸ்டேஷனைக் கண்டும் காணாதது போல் பறந்து விடுகின்றன. நின்று போகும் வண்டிக்காக நாம் ஒரு நாள் மாலை அங்கே காத்திருந்தோம்.

நேயர்கள் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சாமல்பட்டிக்கு வடக்கேயுள்ள திருப்பத்தூரிலிருந்து கிருஷ்ணகிரிக்கு 1905-ஆம் வருஷத்தில் ஒரு குறுகிய ரயில் பாதை போட்டார்கள். தெற்கேயுள்ள மொரப்பூரிலிருந்து 1906-ல் தர்மபுரிக்கு மற்றொரு பாதை வந்தது. 1913-ல் அது ஓசூர் வரையில் நீண்டது. தண்டவாளங்களுக்கு நடுவே இரண்டரை அடி அகலந்தான். பஞ்ச காலத்தில் தானியம் கொண்டு போவதற்கென்று ஏற்பட்ட பாதைகள் அவை. ஓசூர்ப் பாதை 1941-ல், யுத்த காலத்தில், மூடப்பட்டது. கிருஷ்ணகிரிப் பாதையும் அவ்வாறே மறைந்தது. பிற்காலத்தில் சேலத்திலிருந்து தர்மபுரி, ஓசூர் வழியாகப் பெங்களூருக்கு வேறொரு ரயில் பாதை ஏற்பட்டு விட்டது. ஆனால் ஜில்லாவின் தலைநகரமான கிருஷ்ணகிரிக்கு அதற்குப் பிறகு ரயில் வரவே இல்லை. சர்வே மட்டும் அவ்வப்போது வருகிறது.

மேடையில் நமக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த பெரியவர் மாந்தோப்புக்காரர். கையில் பத்திரிகை வைத்திருந்தார். அதைச் சுருட்டிக் கொண்டே நம்மைப் பார்த்துக் கேட்டார்:

"ஏன் ஐயா, சென்னையிலே மெட்ரோ ரயில் போட அறுபத்து மூவாயிரம் கோடி ரூபாயாம். டில்லிக்காரர்கள் கொடுக்கவில்லை என்று இவர்கள் சொல்கிறார்கள். இவர்கள் வாங்கிய கடனையே செலவழிக்கவில்லை என்று அவர்கள் சொல்கிறார்கள். இருக்கட்டும். அந்த ரயிலில் நான் ஒரு நாளாவது ஏறப் போகிறேனா? என் பணம் எதற்காக அதில் போக வேண்டும்?"

நியாயமான கேள்வி. இதற்குச் சட்டென்று பதில் சொல்லி விட முடியாது. கணக்கைக் கொஞ்சம் விரித்துப் பார்த்தால்தான் முடியும்.

கல் முன்னே, கணக்குப் பின்னே

சென்னையில் மெட்ரோ ரயிலின் முதற் கட்டத்துக்கு 2009-ஆம் வருஷத்தில் மத்திய சர்க்கார் அனுமதி கொடுத்தது. மதிப்பு 14,600 கோடி ரூபாய். மூலதனத்தில் மத்திய சர்க்காரும் தமிழ்நாடு சர்க்காரும் சரி பாதி; பெரும் பகுதிக்கு ஜப்பானியக் கடன். பங்கு முதலிலேயே முடிவாகி விட்டது. 2015 ஜூன் 29-ந் தேதி கோயம்பேட்டுக்கும் ஆலந்தூருக்கும் நடுவே முதல் வண்டி ஓடியது.

இரண்டாவது கட்டம் இதைவிடப் பெரிது. மாதவரம், பூந்தமல்லி, சோழிங்கநல்லூர், சிறுசேரி என்று நகரத்தின் நாலா பக்கமும் 118.9 கிலோ மீட்டர். மதிப்பு 63,246 கோடி ரூபாய். வகுத்துப் பார்த்தால் ஒரு கிலோ மீட்டருக்குச் சுமார் 530 கோடி! 2020 நவம்பர் 21-ந் தேதி மத்திய உள்நாட்டு மந்திரி ஸ்ரீ அமித் ஷா சென்னைக்கு வந்து அஸ்திவாரக் கல் நாட்டினார். 2021 பிப்ரவரி மாதத்தில் மத்திய நிதி மந்திரி ஸ்ரீமதி நிர்மலா சீதாராமன், மத்திய சர்க்காரும் இதில் பங்கு கொள்ளும் என்று வரவு-செலவுத் திட்டத்திலேயே அறிவித்தார். அதே வருஷம் ஆகஸ்டு மாதத்தில் அதற்கான மத்தியக் குழுவும் சிபாரிசு செய்தது.

இனி என்ன தடை என்று யாரும் நினைத்திருப்பார்கள். ஆனால் மத்திய மந்திரி சபையின் அங்கீகாரம் வந்த நாள் 2024 அக்டோபர் 3. அறிவிப்புக்கும் அங்கீகாரத்துக்கும் நடுவே மூன்று வருஷமும் எட்டு மாதமும் கழிந்தன.

நடுவில் வேலை நிற்கவில்லை. தமிழ்நாடு சர்க்கார் சொந்தப் பொறுப்பில் அதை நடத்திற்று. மத்திய சர்க்காரே பின்னர் வெளியிட்ட அறிக்கையின்படி, அக்காலத்தில் செலவில் சுமார் 90 சதவிகிதம் ராஜ்ய சர்க்காரின் தலையில் இருந்தது. 2024-25-ஆம் வருஷத்து வரவு-செலவுத் திட்டத்தில் மட்டும் தமிழ்நாடு இதற்கு 12,000 கோடி ரூபாய் ஒதுக்கிற்று. 2024 செப்டம்பர் கடைசியில் முதல் மந்திரி ஸ்ரீ ஸ்டாலின் டில்லிக்குப் போய்ப் பிரதம மந்திரியை நேரில் கண்டு பேசினார். ஒரு வாரத்தில் அங்கீகாரம் வந்தது.

மத்திய சர்க்காரின் கட்சியையும் சொல்லி விட வேண்டும். வெளிநாட்டு ஸ்தாபனங்களிலிருந்து 32,548 கோடி ரூபாய்க் கடன் கிடைக்கத் தாங்கள் ஒத்தாசை செய்ததாகவும், அதில் சுமார் 6,100 கோடிதான் எடுக்கப்பட்டதாகவும் அவர்கள் கூறினார்கள். பணம் கிடைத்தும் எடுக்கவில்லை என்பது அவர்கள் வாதம். வாங்கும் கடன் முழுவதும் எங்கள் பேரேட்டில் அல்லவா ஏறுகிறது என்பது இவர்கள் வாதம்.

பேரேட்டில் யார் பெயர்?

இந்தப் பேரேட்டு விவகாரந்தான் சண்டையின் உயிர்நாடி. ஆகையால் நேயர்கள் சிறிது பொறுமையுடன் கேட்க வேண்டும்.

இவ்வளவு பெரிய வேலைக்கு எந்தச் சர்க்காரும் கையிலுள்ள ரொக்கத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. ஜப்பான் முதலிய தேசங்களும் ஆசிய அபிவிருத்தி பாங்கு போன்ற ஸ்தாபனங்களும் குறைந்த வட்டிக்குக் கடன் கொடுக்கின்றன. வேலை ராஜ்ய சர்க்காருடையது என்றால், அந்தக் கடன் ராஜ்யத்தின் வரவு-செலவு வழியாக வந்து, ராஜ்யத்தின் கடனாகவே நிற்கும். ஒரு ராஜ்யம் ஒரு வருஷத்தில் இவ்வளவுதான் கடன் வாங்கலாம் என்று வரம்பு உண்டு. ஆகவே மெட்ரோ ரயிலுக்கு வாங்கிய ஒவ்வொரு கோடியும் வேறு எதற்கோ வாங்கியிருக்கக் கூடிய ஒரு கோடியைத் தள்ளி விடும்.

2024 அக்டோபருக்குப் பிறகு இந்தக் கணக்கு மாறியது. 33,593 கோடி ரூபாய்க் கடன் முழுவதும் மத்திய சர்க்கார் வழியாக நேரே மெட்ரோ ரயில் கம்பெனிக்குப் போகும். அத்துடன் மத்திய சர்க்கார் தன் பங்காக 7,425 கோடி கொடுக்கும். இரண்டும் சேர்ந்தால் மொத்தச் செலவில் ஏறக்குறைய 65 சதவிகிதம். மீதி 35 சதவிகிதம் தமிழ்நாட்டினுடையது. கடனை அடைக்க வேண்டியது மெட்ரோ கம்பெனி. அதனால் முடியாவிட்டால் ராஜ்ய சர்க்கார் கை கொடுக்க வேண்டும். இந்த அங்கீகாரத்தினால் ராஜ்யத்துக்கு 33,593 கோடி ரூபாய் அளவுக்கு வேறு நற்காரியங்களைச் செய்ய வசதி ஏற்படும் என்று மத்திய சர்க்காரின் அறிக்கையே கூறிற்று.

அப்படியானால் அதற்கு முந்திய மூன்றரை வருஷத்துக்கு மேல் அந்த வசதி இல்லாமல் இருந்தது என்றுதானே அர்த்தம்? பங்கு முடிவாகாமல் இருந்த ஒவ்வொரு வருஷத்திலும், தமிழ்நாட்டில் எங்கேயோ ஒரு பாலமோ, ஒரு ஆஸ்பத்திரியோ, ஒரு பஸ் வழியோ தன் முறைக்காகக் காத்திருந்திருக்க வேண்டும். காத்திருந்தது எந்த ஊர் என்று எந்தக் கணக்குப் புத்தகத்திலும் எழுதப்படுவதில்லை. சண்டையின் செலவு இப்படித்தான் சத்தமில்லாமல் சாமல்பட்டி வரையில் வந்து சேருகிறது.

எல்லையில் இறங்கும் பெண்

அதே மேடையில் ஓர் இளம் பெண்ணும் வண்டிக்காக நின்று கொண்டிருந்தாள். ஓசூர்ப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்றில் வேலை; தங்குவது விடுதியில். வார விடுமுறைக்குத் தாயாரைப் பார்க்க வந்து விட்டு, திருப்பத்தூரிலுள்ள பாட்டி வீட்டுக்குப் போகிறாள்.

"தொழிற்சாலைக்குப் போக வரக் கம்பெனி பஸ் இருக்குமே, அம்மா?" என்று விசாரித்தோம்.

"கம்பெனிக்குப் போவதற்கு இருக்கிறது, ஐயா. அம்மாவைப் பார்க்க வருவதற்குக் கம்பெனி பஸ் இல்லை" என்றாள்.

அவளுடைய அக்காள் பெங்களூரைச் சேர்ந்த பொம்மசந்திரத்தில் வேலை பார்க்கிறாளாம். ஓசூருக்கும் பொம்மசந்திரத்துக்கும் நடுவே சுமார் இருபது கிலோ மீட்டர்தான். ஆனால் நடுவே ராஜ்ய எல்லை இருக்கிறது. தமிழ்நாட்டில் 2021-ஆம் வருஷத்திலிருந்து பெண்கள் சாதாரண டவுன் பஸ்களில் இலவசமாகப் போகலாம். கர்நாடகத்திலும் 2023 ஜூன் முதல் இலவசம் உண்டு. ஆனால் அது கர்நாடகப் பெண்களுக்கு மட்டும். ஆகையால் ஓசூர்ப் பெண் எல்லையைத் தாண்டியதும் பர்ஸைத் திறக்க வேண்டும். எல்லைக்கு இப்பால் இருக்கும் சகோதரி, அப்பால் போனதும் அயலாள் ஆகி விடுகிறாள்!

பெங்களூர் மெட்ரோ ரயில் 2025 ஆகஸ்டு மாதத்தில் பொம்மசந்திரம் வரையில் வந்து விட்டது. ராஷ்டிரீய வித்யாலயா ரோடிலிருந்து 19 கிலோ மீட்டருக்குச் சற்று அதிகம். அதை இன்னும் 23 கிலோ மீட்டர் நீட்டினால் ஓசூருக்கு வந்து விடும். அதில் ஏறக்குறையப் பாதி கர்நாடகத்தில், பாதி தமிழ்நாட்டில். அப்போதைய கிருஷ்ணகிரி பார்லிமெண்டு அங்கத்தினர் டாக்டர் செல்லக்குமார் இதற்காகப் பெருமுயற்சி செய்தார். கர்நாடக சர்க்கார் ஆராய்ச்சிக்குச் சம்மதித்தது. சென்னை மெட்ரோ கம்பெனி அதை மேற்கொண்டது.

ஆராய்ச்சியில் ஒரு புது முட்டுக்கட்டை முளைத்தது. பெங்களூர் வண்டிகளுக்குத் தண்டவாளத்தின் பக்கத்திலுள்ள மூன்றாவது தண்டவாளத்திலிருந்து 750 வோல்ட் நேர் மின்சாரம் வருகிறது. சென்னை வண்டிகளுக்கு மேலேயுள்ள கம்பியிலிருந்து 25,000 வோல்ட் மாறு மின்சாரம் வருகிறது. ஓசூர்ப் பாதைக்குச் சென்னை முறையே உத்தேசிக்கப்பட்டது. இரண்டும் ஒட்டாது என்று பெங்களூர் மெட்ரோ ஸ்தாபனம் 2025-ல் கருத்துத் தெரிவித்தது.

இது யந்திர சம்பந்தமான விஷயந்தான்; மறுக்கவில்லை. ஆனாலும் ஒரே ஸ்டேஷனில் இறங்கி, எதிர் மேடையில் வேறு வண்டி ஏறுவது உலகத்தில் இல்லாத அதிசயமா? இரண்டு பக்கத்துக்கும் பொறுப்பான ஒரு சபை ஆரம்பத்திலேயே கூடி, இன்ன மின்சாரம், இன்ன பங்கு என்று ஒரு தாளில் எழுதியிருந்தால், முடிச்சு விழுமுன்பே அவிழ்ந்திருக்கும். தொழில்கள் ஓசூருக்குப் போய் விடுமோ என்று அந்தப் பக்கத்தில் சிலருக்குக் கவலை. செலவில் பாதியைப் போட்டு வேலைக்காரர்களை அந்தப் பக்கம் அனுப்புவதா என்று இந்தப் பக்கத்திலும் சிலர் கேட்கக் கூடும். இந்தக் கவலைகளுக்கு வோல்ட் கணக்கு பதில் சொல்லாது.

டில்லியின் நியாயம்

மத்திய சர்க்கார் கேட்கும் நகரங்களுக்கெல்லாம் மெட்ரோ ரயில் கொடுத்துக் கொண்டிருக்க முடியாது என்பதும் உண்மையே. 2017-ல் அதற்கென்று ஒரு கொள்கை வகுத்தார்கள். அதைக் காட்டி, 2011-ஆம் வருஷ ஜனத்தொகைக் கணக்கில் 20 லட்சத்துக்குக் குறைவு என்ற காரணத்தால், கோயமுத்தூர், மதுரை ஆகிய இரண்டு நகரங்களின் திட்டங்களையும் 2025 நவம்பரில் திருப்பி அனுப்பி விட்டார்கள். ஆக்ராவுக்கும் பாட்னாவுக்கும் கிடைத்தது எங்களுக்கு ஏன் இல்லை என்று தமிழ்நாடு கேட்டது. விதி என்று ஒன்று இருந்தால் அது எல்லா ஊருக்கும் ஒரே விதியாக இருக்க வேண்டும். பதினாலு வருஷத்துப் பழைய ஜனத்தொகைக் கணக்கைக் கொண்டு நாளைய ரயிலை அளப்பதும் சரியல்ல. ஆனால் ஜனங்கள் ஏறாத ரயிலைக் கடன் வாங்கி ஓட்டக் கூடாது என்று ஒருவர் சொன்னால், அவரை விரோதி என்று தள்ளி விடவும் கூடாது.

ராஜ்ய சர்க்கார்கள் எல்லாம் எப்போதும் உத்தமமாக நடக்கின்றன என்றும் சொல்வதற்கில்லை. டில்லியிலிருந்து அண்டை நகரங்களுக்குப் போகும் துரித ரயிலுக்கு அந்நாளைய டில்லி ராஜ்ய சர்க்கார் 415 கோடி ரூபாய் கொடுக்க வேண்டியிருந்தது. பணமில்லை என்று சொல்லிற்று. விளம்பரத்துக்கு மட்டும் பணம் இருக்கிறதா என்று கேட்ட சுப்ரீம் கோர்ட்டார், 2023 நவம்பரில், விளம்பரப் பணத்தையே ரயிலுக்குத் திருப்பும்படி உத்தரவிட்டு, ஒரு வாரம் தவணையும் கொடுத்தார்கள்.

செல்வம் கொழிக்கும் அமெரிக்காவிலும் இதே கதைதான். பிலடெல்பியா நகரத்துப் பஸ்-ரயில் ஸ்தாபனத்துக்கு 21 கோடி டாலருக்கு மேல் துண்டு விழுந்தது. நகரத்து ரயிலுக்கு நாட்டுப்புறத்தார் ஏன் கொடுக்க வேண்டும் என்று பென்ஸில்வேனியா சட்டசபையில் தகராறு. 2025 ஆகஸ்டில் 32 பஸ் வழிகள் நின்று போயின. பிறகு, புதிய வண்டிகளுக்கும் பழுது பார்ப்பதற்கும் வைத்திருந்த மூலதனத்தை எடுத்து அன்றாடச் செலவுக்குப் போட்டுக் கொள்ள ராஜ்யம் அனுமதித்தது. நம் ஊர்க் குடியானவர் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறார்: விதை நெல்லைக் குத்திச் சோறாக்குவது.

தஞ்சாவூர் காட்டிய வழி

அன்னியர் ஆட்சியில் நம் நாட்டில் ரயில் போட்ட கம்பெனிகளுக்கு ஐந்து சதவிகித வட்டி நிச்சயம் என்று சர்க்கார் உறுதி கொடுத்திருந்தது. லாபம் வராவிட்டால் இந்தியக் குடிகளின் வரிப்பணத்திலிருந்து ஈடு செய்தார்கள். தாதாபாய் நௌரோஜி போன்ற பெரியோர்கள் இந்நாட்டின் செல்வம் கடல் கடந்து போவதை எடுத்துக் காட்டி வாதாடினார்கள். கொடுப்பவனுக்குக் கேட்கும் பாத்தியதை இல்லை என்பதுதான் அன்றைய குறை.

அந்தக் காலத்திலேயே தஞ்சாவூர் ஜில்லா போர்டார் வேறொரு வழியைக் கண்டு பிடித்தார்கள். ஜில்லாவில் ரயில் வரியென்று ஒன்று விதித்து, அந்தப் பணத்தில் மாயவரத்திலிருந்து முத்துப்பேட்டை வரையில் சொந்தப் பாதை போட்டார்கள். 1894-ல் அதில் வண்டி ஓடியது. ஓட்டியது தென்னிந்திய ரயில்வே. சொத்து ஜில்லா போர்டினுடையது. யார் கொடுப்பது, யாருக்குச் சொந்தம், வருமானம் யாருக்கு என்பதெல்லாம் தண்டவாளம் போடுவதற்கு முன்பே தீர்ந்திருந்தது.

ஜில்லா வரி போட்டு இன்று மெட்ரோ ரயில் கட்ட முடியும் என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அந்த வரிசைக் கிரமம் இன்றைக்கும் பொருந்தும். பங்கை முதலில் எழுத வேண்டும். அங்கீகாரம் பெற வேண்டும். அதற்குப் பிறகுதான் மாலையும் மேளமுமாக அஸ்திவாரக் கல் நாட்ட வேண்டும். ஒரு கஜானா முன்பணம் போட்டால், மற்ற கஜானா இன்ன தேதிக்குள் திருப்பித் தர வேண்டும் என்று நிபந்தனை இருக்க வேண்டும். எல்லை தாண்டும் பாதையானால் இரண்டு ராஜ்யங்களும் மத்திய சர்க்காரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து தொடங்க வேண்டும். பெரிய நகரத்துக்குப் பெரிய தொகை ஒதுக்கும்போதெல்லாம், அதே ஏட்டில் நாட்டுப்புறத்துப் பஸ்ஸுக்கும் சிறு ரயிலுக்கும் என்ன என்று இன்னொரு வரியும் இருக்க வேண்டும். அந்த இரண்டாவது வரி இல்லாத வரையில் மாந்தோப்புக்காரரின் கேள்விக்குப் பாதிப் பதில்தான் சொல்ல முடியும்.

இதையெல்லாம் நாம் அவருக்குச் சொன்னோம். "பெரியவரே! நீங்கள் வாங்கும் தீப்பெட்டிக்கும் வேஷ்டிக்கும் மத்திய சர்க்காரும் வரி வாங்குகிறது. ராஜ்ய சர்க்காரும் வாங்குகிறது. இரண்டு கஜானாவும் உங்கள் சட்டையிலுள்ள இரண்டு பைகள். வலது பை கொடுக்குமா, இடது பை கொடுக்குமா என்பதுதான் சண்டை. சென்னை ரயிலில் நீங்கள் ஏறாவிட்டாலும், சண்டை நீண்டால் அந்த வட்டியில் உங்களுக்கும் பங்கு உண்டு" என்றோம்.

பெரியவர் சற்று நேரம் யோசித்தார். தமது சட்டைப் பைகளை ஒரு முறை தொட்டுப் பார்த்துக் கொண்டார்.

"இரண்டும் என் பைதான் என்றால் எதிலிருந்து எடுத்தாலும் எனக்கு ஒன்றுதான், ஐயா. எடுக்கிறவர்கள் முதலில் ஓட்டையைத் தைத்து விட்டு எடுக்கட்டும்" என்றார்.

அதற்குள் ஒரு வேக வண்டி இரைந்து கொண்டு வந்து, நிற்காமலே போய் விட்டது. புழுதி அடங்கியதும் அந்தப் பெண் ஸ்டேஷன் கடிகாரத்தைப் பார்த்தாள். எங்கள் வண்டி வருவதற்கு இன்னும் நேரம் இருந்தது.